பல்லக்காவின் தொழில் அறை

ஸ்பிரிட் விளக்கின் சுடரில் கத்தி நுனி சூடேறியது. வலது கை அதை எடுத்து இளஞ்சிவப்பு மெழுகில் ஒரு கோடு இழுத்தது. மெழுகு இளகி மின்னிய நேரத்துக்குள் இடது கை ஒரு முன்பல்லை அதில் ஊன்றி, கட்டைவிரலால் இம்மியளவு உள்ளே தள்ளியது. பிறகு இரண்டு கைகளும் அசையாமல் நின்றன. மெழுகு இறுகும்வரை பல்லைத் தொடக் கூடாது. இறுகியதும், தாடைபோலத் திறந்து மூடும் பித்தளைக் கருவியில் மேல்வரிசையைக் கீழ்வரிசையோடு சேர்த்து மூடி, நடுவே ஒரு மெல்லிய தாளை வைத்து இழுத்துப் பார்த்தன. தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் பல்லோடு பல் சேரவில்லை என்று பொருள். தாள் கிழிந்தது.

"டீ" என்றது கதவுப் பக்கமிருந்து ஒரு குரல்.

டம்ளரோடு நின்றவர் கணவர். பஸ் ஓட்டுநர். கோடு போட்ட இடத்தில் நிற்பது அவருக்குத் தொழிலிலேயே பழகிவிட்டது. கால்விரல்கள் வாசற்படியைத் தொடாதபடி நின்றார். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு படியைத் தாண்டி வெளியே வந்து, நின்றபடியே டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். டீ குடிப்பது சொந்தக் காரியம். அறை தொழிலுக்கு உரியது.

தெருவில் அவரைப் பல்லக்கா என்பார்கள். பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகில் பல் நட்டு, மெழுகை உருக்கி எடுத்துவிட்டு அந்த இடத்தில் அக்ரிலிக் பிளாஸ்டிக்கை அடைத்து வேகவைத்து, பளபளப்பாக்கித் திருப்பி அனுப்புவது பல்லக்காவின் வேலை. ஒரு பல் செட் பட்டறையில் மாவுக் கிண்ணம் கழுவச் சேர்ந்து, மற்றவர்கள் செய்வதைப் பார்த்தும் கெடுத்தும் திரும்பச் செய்தும் கற்றுக்கொண்ட தொழில். பிறகு ஒரு செருப்புக் கடைக்கு மேல் சின்னதாக ஓர் இடம் பிடித்துத் தனியாகச் செய்துவந்தார். வாடகை ஏறிக்கொண்டே போனது. பல்லின் விலை அவ்வளவாக ஏறவில்லை. கடையை மூடுவதா, ஊரில் புதிதாக வந்திருந்த பெரிய பட்டறையில் சம்பளத்துக்குப் போவதா என்ற நிலை வந்தது.

பெரிய பட்டறைக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டும் வந்தார். அங்கே ஒருவர் நாள் முழுக்க மாவு கரைத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் முன்பல் மட்டும் நட்டுக்கொண்டிருந்தார். கடைவாய்க்கு வேறோர் ஆள். ஒரு முழு வாயைத் தொடங்கி முடித்தவர் அங்கே யாரும் இல்லை.

ஆண்டுக்கு ஒருமுறை வரிக்கணக்கு எழுதித் தரும் ஆடிட்டர்தான் வழி சொன்னார்.

"வீட்டுலயே செய்யுங்கக்கா. ஒரு ரூமைத் தொழிலுக்குன்னு ஒதுக்குங்க. வீட்டு அளவுல அந்த ரூம் எத்தனை பங்கோ, வாடகையில அத்தனை பங்கு, கரண்டுல, தண்ணியில அத்தனை பங்கு தொழில் செலவு. வருமானத்துலருந்து அதைக் கழிச்சிட்டு மிச்சத்துக்குத்தான் வரி. மெஷின் வாங்குன விலையையும் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாத் தேய்மானமாக் கழிச்சுக்கலாம். கடை வாடகை மிச்சம், வரியும் மிச்சம்."

"அவ்வளவுதானா?"

"ஒண்ணே ஒண்ணு. ஒதுக்குறதுன்னா ஒதுக்குறதுதான். அங்க படுக்கக் கூடாது, டிவி பாக்கக் கூடாது, துணி காயப்போடக் கூடாது. தொழில் மட்டும். சொந்த வேலை எதுவும் கூடாது."

ஆடிட்டர் இதை எல்லாரிடமும் சொல்வார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, போய் அந்த அறையிலேயே மடக்குக் கட்டிலைப் போட்டுத் தூங்குவார்கள். பல்லக்கா அப்படித் தலையாட்டவில்லை. திரும்பிப் போய் அளவு நாடாவை எடுத்தார்.

வீட்டின் பின்பக்க அறை அது. சுவரிலிருந்து சுவர்வரை அளந்தார். மூலையில் நின்ற தூணின் இடத்தைக் கழித்தார். தூணுக்குள் யாரும் பல் நடுவதில்லை. சுவர் அலமாரியில் போர்வைகள் இருந்ததால் அதையும் கழித்தார். பிறகு போர்வைகளை எடுத்துவிட்டு அதைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். வீட்டில் ஏழில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக வந்தது. ஆடிட்டர் ஏழில் ஒன்று என்றே எழுதலாம் என்றார். பல்லக்கா சற்றுக் குறைவாகவே எழுதச் சொன்னார்.

அறையிலிருந்த கடிகாரம் சமையலறைக்குப் போனது. டிவி கூடத்துக்குப் போனது. கொல்லைக்குப் போகும் வழி அந்த அறை வழியாகத்தான். அதுவும் நின்றது. துவைத்த துணியை வாளியில் எடுத்துக்கொண்டு, முன்வாசல் வழியாகத் தெருவில் இறங்கி, பக்கச் சந்தில் நுழைந்து கொல்லைக்குப் போய்க் காயப்போட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் கேட்டார்கள். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்கள்.

இதில் அதிகம் பாதிக்கப்பட்டவர் மூத்தவர். கணவரின் அண்ணன், மனைவி இல்லாதவர், தம்பி வீட்டோடு இருந்தார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பின்னறையில் ஒரு சோபா இருந்தது; மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் அதில்தான் கண்ணயர்வார். சோபா இப்போது கூடத்தில், டிவிக்கும் செருப்பு ஸ்டாண்டுக்கும் நடுவில் கிடந்தது.

"ஏண்டா, உன் பொண்டாட்டி என்னை டிக்கெட் இல்லாத ஆள் மாதிரி இறக்கி விட்டுட்டாளே" என்றார் தம்பியிடம்.

"அண்ணே, நானே படிக்கு வெளிய நின்னுதான் பேசுறேன்."

"நீ பேசுனது என்னைக்கு? தலையத்தானே ஆட்டுறே."

தம்பி தலையை ஆட்டினார்.

இரண்டு ஆண்டுகள் இப்படியே போயின. பல்லக்கா தாக்குப்பிடித்தார். வரிக்கழிவு கிடைத்ததால்தான் பிடித்தார் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். இந்த நிலையில்தான் மூத்தவருக்கு ஈறு கெட்டது. டாக்டர் மிச்சமிருந்த பற்களையெல்லாம் எடுத்துவிட்டு, ஈறு ஆறட்டும், ஆறியதும் பல் செட் போட்டுக்கொள்ளலாம் என்றார். ஈறு ஆறியது. மூத்தவர் வாசற்படிக்கு வெளியே வந்து நின்றார்.

"எப்பம்மா எனக்கு?"

பல்லக்கா தலை நிமிரவில்லை. "இங்க செய்ய முடியாது மாமா."

"ஏன்?"

"சொந்த வேலை கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. நீங்க சொந்தம்."

தன் வாழ்நாளில் ரயிலில் பலருக்குச் சலுகை மறுத்தவர் மூத்தவர். ஆனால் இப்படி ஒரு காரணத்தை யாருக்கும் சொன்னதில்லை.

"அப்ப சமையல்கட்டுல வெச்சுச் செய்."

"கருவியெல்லாம் தொழில் கணக்குல இருக்கு. வெளிய எடுத்துட்டு வந்து சொந்தத்துக்குச் செஞ்சா அதுவும் தப்பு."

"சரி விடு. நான் வெளிய பாத்துக்குறேன். பெரிய பட்டறை இருக்கில்ல."

அப்போது பல்லக்கா நிமிர்ந்தார். "எங்க வீட்டு வாயில அடுத்தவங்க செஞ்ச பல்லா? நாளைக்கு எந்த டாக்டர் எனக்கு வேலை குடுப்பாரு?"

"நீயும் செய்ய மாட்டே, அடுத்தவனையும் செய்ய விட மாட்டே. அப்ப நான் என்னத்தைத் திங்கிறது?"

"கஞ்சி வெச்சிருக்கேன்."

மூத்தவர் கஞ்சி குடித்தார். பாலில் ஊறவைத்த ரொட்டி சாப்பிட்டார். சாப்பிடும்போதெல்லாம் தெருவுக்குக் கேட்கும்படி ஒருமுறை சொல்வார்: "ஊர் வாய்க்கெல்லாம் இங்கருந்துதான் பல்லு போகுது." இதில் பொய் ஏதும் இல்லாததால் பல்லக்கா பதில் சொல்வதில்லை.

வரி அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. வீட்டில் தொழில் அறை காட்டியிருப்பவர்களில் சிலரை நேரில் வந்து பார்க்கிறார்கள். அந்தச் சிலரில் பல்லக்காவும் ஒருவர். ஆடிட்டர் போனில் தைரியம் சொன்னார். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அக்கா, அந்த ரூமைச் சொந்தத்துக்குப் புழங்குறதா அவங்களுக்குத் தோணிட்டா இந்த வருஷக் கழிவு மட்டும் போகாது. போன ரெண்டு வருஷத்தையும் தோண்டுவாங்க. அப்புறம் தாங்காது. பாத்துக்குங்க."

தாங்காது என்றால் என்ன என்று பல்லக்காவுக்குத் தெரியும். நாள் முழுக்க மாவு கரைப்பது. முன்பல் மட்டும் நடுவது.

அதிகாரி ஒரு பெண். சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். கையில் ஒரு பை, பையில் ஓர் அளவு நாடா. கணவர் அவரை அறை வாசல்வரை அழைத்து வந்து, பழக்கத்தில் படியோடு நின்றுகொண்டார்.

"நீங்களும் வாங்க சார்" என்றார் அதிகாரி.

"இல்ல மேடம், நான் வர்றதில்ல."

அதிகாரி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார். அறையை அளந்தார். எழுதியிருந்த அளவு சரியாக இருந்தது. அலமாரியைத் திறந்தார். மாவுப் பை, மெழுகுத் தகடுகள், அட்டைகளில் நிறவாரியாக ஒட்டியிருந்த பற்கள். படுக்கை இல்லை, படம் இல்லை, நாற்காலி ஒன்றே ஒன்று. ஜன்னலோரம் ஒரு மின்பானை கொதித்துக்கொண்டிருந்தது.

"அது என்ன?"

"அக்ரிலிக்கைப் பித்தளைப் பெட்டியில அடைச்சு, இறுக்கி, தண்ணியில வேகவைக்கணும் மேடம். பச்சையா இருந்தா வாயைப் புண்ணாக்கிடும். ஆவி வெளிய போகட்டும்னு ஜன்னல்கிட்ட வெச்சிருக்கேன்."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கொல்லைப் பக்கமிருந்து ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே ஒரு கை உள்ளே வந்தது. கையில் நீளமான கரண்டி. இன்னொரு கை வந்து, துணியைச் சுற்றிப் பிடித்துப் பானையின் மூடியைத் தூக்கியது. கரண்டி தண்ணீரில் துழாவி ஒரு முட்டையை எடுத்து, கவனமாக, கம்பியில் இடிக்காமல் வெளியே போனது.

கரண்டி திரும்ப வந்தது. இரண்டாவது முட்டையையும் எடுத்துக்கொண்டு போனது. மூடி தன் இடத்தில் பொருந்தியது.

"யாரது?" என்றார் அதிகாரி.

ஜன்னலுக்கு வெளியே மூத்தவரின் முகம் எழும்பியது. புதிய ஆளைப் பார்த்தார். ஓடி ஒளியும் வயதும் இல்லை, பழக்கமும் இல்லை.

"வணக்கம் மேடம்" என்றார்.

"வீட்டுக்காரரோட அண்ணன்" என்றார் பல்லக்கா.

"இந்த ரூமைப் புழங்குறாரா?"

"நான் எங்க புழங்குறது!" என்றார் மூத்தவர் ஜன்னல் வழியே. "இந்த ரூமுக்குள்ள கால் வெச்சு ரெண்டு வருஷமாச்சு. கால் வைக்கக் கூடாதுன்னுதான் உத்தரவு. கையைப் பத்தி யாரும் சொல்லல. கொதிக்கிற தண்ணி சும்மா போகுதேன்னு..."

"எத்தனை நாளா நடக்குது?"

"பல்லு புடுங்குனதுலருந்து. கஞ்சி குடிச்சுக் குடிச்சு நாக்கு செத்துப்போச்சு மேடம்."

பல்லக்கா குறுக்கிட்டார். "ஜன்னலுக்கு முதுகு காட்டித்தான் வேலை செய்வேன், எனக்குத் தெரியாது மேடம். ஆனா தெரியாதுன்னு சொல்லித் தப்பிக்கிறது சரியில்ல. கரண்டு என் தொழில் கணக்குல ஓடுது. முட்டைக்கு உண்டானதைக் கழிச்சிடுங்க."

அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"முட்டைக்காகவா பானையைப் போட்டீங்க?"

"இல்ல. பல்லுக்கு."

"முட்டை இல்லாட்டியும் தண்ணி கொதிச்சிருக்கும்?"

"கொதிச்சிருக்கும்."

"அப்ப எதைக் கழிக்கிறது? முட்டைக்குன்னு இதுல கட்டம் கிடையாது."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார் மூத்தவர்.

"நீங்க சொல்லாதீங்க" என்றார் அதிகாரி. "அந்த மருந்து கலந்த தண்ணியில வெந்ததைத் தின்னீங்களே, வாசம் தெரியலையா?"

"லேசா பெயிண்ட் வாசம் வந்துச்சு. கோழித் தீவனம் சரியில்லைன்னு நினைச்சேன்."

அதிகாரி முகம் மாறவில்லை. ஆனால் பேனா சற்று நேரம் ஓடவில்லை. பிறகு மூத்தவரிடமே கேட்டார். "முட்டை ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த ரூம்ல சொந்த வேலை வேற என்னென்ன நடக்குது? உள்ளதைச் சொல்லுங்க."

பல்லக்காவுக்குக் கை வேலையில்லாமல் நின்றது. இரண்டு ஆண்டுகளாகச் சோபாவை மறக்காத மனிதர். அவர் வாயிலிருந்து எது வேண்டுமானாலும் வரலாம். தடுக்க ஒரு பல்கூட இல்லை.

மூத்தவர் தொண்டையைச் செருமினார். தன் குறையைக் கேட்க அரசாங்கமே ஆள் அனுப்பியதுபோல இருந்தது அவருக்கு.

"சொல்றேன் மேடம், எழுதிக்குங்க. என் சோபா இங்கதான் கிடந்துச்சு. தூக்கி வெளிய போட்டுட்டா. மத்தியானம் படுக்க இடமில்ல, செருப்புக்குப் பக்கத்துல படுக்குறேன். துணி காயப்போடத் தெருவைச் சுத்திக்கிட்டுப் போறோம். மழைன்னாலும் சுத்தணும். மணி பாக்கலாம்னா கடிகாரத்தைக் கழட்டிட்டுப் போயிட்டா. கட்டுன புருஷன், அங்க நிக்கிறான் பாருங்க, டீ குடுக்குறதுக்கும் படியைத் தாண்டுறதில்ல. அவ தங்கச்சி போன் பண்ணா மாவுக் கையோட வெளிய ஓடி வந்து பேசுறா. போன வாரம் என் சட்டைப் பொத்தான் இந்த ஜன்னல் வழியா உள்ள உருண்டுடுச்சு. எடுத்துக் குடுன்னா, வேலை முடிச்சிட்டு எடுத்துட்டு வரேங்குறா. எல்லாத்துக்கும் மேல, என் பல்லு! நாலு தெருவுக்குப் பல்லு செய்யிறா, புருஷனோட அண்ணனுக்குச் செய்ய மாட்டேங்குறா. ஏன்னு கேட்டா சொந்த வேலையாம்!"

அதிகாரி ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். சோபா, துணி, கடிகாரம், டீ, போன், பொத்தான். பல் என்ற இடத்தில் நிறுத்தினார்.

"நிஜமாவா?" என்று பல்லக்காவைக் கேட்டார்.

"ஆமா மேடம்."

"இவருக்குப் பல்லு செய்யாததுக்கு அதான் காரணமா?"

"அதான். சொந்த வேலை எதுவும் கூடாதுன்னு ஆடிட்டர் சொன்னாரு."

அதிகாரி அந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இத்தனை வீடு பாத்துட்டேன். தொழில் ரூம்னு காட்டுவாங்க, உள்ள தொட்டில் தொங்கும். நாங்க கேக்குறது ஒண்ணுதான்மா. இங்க நடக்குறது தொழிலா, குடும்பமா? தூங்குறது குடும்பம். துணி காயுறது குடும்பம். பல்லு செட் செய்யிறது உங்க தொழில். அது யாரு வாய்க்குப் போகுதுங்கிறது எங்க ஆபீசுக்கு வேண்டாத விஷயம்."

"இவரு வாய்க்குப் போனாலும்?"

"போனாலும். எல்லார்கிட்டயும் வாங்குற விலையை வாங்குங்க. வரவுல காட்டுங்க. முடிஞ்சுது."

"விலையா?" என்றது ஜன்னல்.

அதிகாரி எழுந்தார். இவர் சொன்னதைவிடப் பெரிய சாட்சி தனக்குத் தேவையில்லை என்று மூத்தவரைக் காட்டிச் சொன்னார். அறை தொழில் அறைதான், கழிவு நிற்கும், அப்படியே எழுதப்போகிறேன் என்றார். போகும்போது கணவர் இன்னும் படிக்கு வெளியே நிற்பதைப் பார்த்தார்.

"சார், டீ குடுக்க உள்ள போகலாம். அதுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது."

"பரவாயில்ல மேடம்" என்றார் கணவர். "பழகிட்டேன்."

அன்று மாலையே மூத்தவர் டாக்டரிடம் போய் அச்சுக் கொடுத்தார். அச்சு, மற்ற அச்சுகளோடு சேர்ந்து, முறைப்படி பல்லக்காவிடம் வந்தது. விலை விஷயத்தில் கணவர் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தார்.

"அண்ணனுக்குமா முழுசா?"

"குறைச்சா அது சொந்தம். முழுசா வாங்குனாத்தான் தொழில். மேடம் சொன்னதைக் கேட்டீங்கல்ல."

"கேட்டேன்."

மூத்தவர் பென்ஷனிலிருந்து முழுவதையும் டாக்டரிடம் கட்டினார். பல்லைப் பிடுங்கியவருக்குக் கொடுத்தேன், நடுகிறவளுக்கும் கொடுக்கிறேன், நடுவில் தின்றது இரண்டு முட்டைதான் என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார். அது இரண்டு முட்டை இல்லை. ஆனால் பல்லக்கா திருத்தவில்லை.

மாவு ஊற்றினார். மெழுகு கட்டினார். டாக்டர் அனுப்பிய சீட்டில் நிறம் மட்டும் எழுதியிருந்தது. சற்று மஞ்சள் கலந்த வெள்ளை. முன்பற்களை நேராக நட்டு, கருவியில் மூடிப் பார்த்தார். சரியாக இருந்தது. ஆனால் அது மூத்தவரின் வாய் இல்லை. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்த வாய் தன்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறது, பெரும்பாலும் கேலியாக. மேல்வரிசையில் இடப்பக்கத்து இரண்டாம் பல் பக்கத்துப் பல்லின் மேல் லேசாக ஏறி நிற்கும். கத்தியைச் சுட வைத்து, அந்த ஒரு பல்லை மட்டும் பிடுங்கி, கொஞ்சம் திருப்பி, ஏற்றி நட்டார். சீட்டில் இல்லாத இந்தத் தகவலைத் தொழில் அறிவில் சேர்ப்பதா, சொந்தத்தில் சேர்ப்பதா என்று ஒரு கணம் யோசித்தார். கேட்டால், கோணலுக்கென்று தனி விலை போடவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். மெழுகு இறுகியது. தாளை வைத்து இழுத்தார். கிழிந்தது.

மெழுகுப் பல்லை டாக்டர் மூத்தவரின் வாயில் வைத்துப் பார்த்துச் சரியென்று திருப்பி அனுப்பினார். அக்ரிலிக் அடைத்த பெட்டி பானையில் வெந்தது. அன்று ஜன்னலுக்கு வெளியே ஒரு நாற்காலியைப் போட்டு மூத்தவர் உட்கார்ந்திருந்தார்.

"வெந்துடுச்சா?"

"இல்ல."

"முட்டைன்னா இந்நேரம் வெந்திருக்கும்."

ஆறவைத்து, பெட்டியைத் திறந்து மாவை உடைத்தெடுத்து, ஓரம் அரத்தால் ராவி, பளபளப்பு ஏற்றி, ஈரப் பஞ்சில் சுற்றி ஓர் அட்டைப் பெட்டியில் வைத்தார். வழக்கமாகக் கிளினிக்கிலிருந்து ஆள் வந்து வாங்கிப்போவார். இதைத் தானே கொண்டுபோனார்.

மூத்தவர் அங்கே நாற்காலியில் சாய்ந்து, கழுத்தில் துண்டு கட்டித் தயாராக இருந்தார். பல்லக்காவைப் பார்த்ததும் கையை நீட்டினார்.

"குடும்மா. நானே மாட்டிக்குறேன்."

"ஆர்டர் டாக்டரோடது மாமா."

"வாய் யாரோடது?"

"அது ஆபீசுக்கு வேண்டாத விஷயம்" என்றார் பல்லக்கா. "பில் உள்ளயே இருக்கு டாக்டர்." நீட்டிய கையைத் தாண்டிப் போய், பெட்டியை டாக்டர் கையில் கொடுத்தார்.